பிரிட்டனி கடற்கரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாண்டிச்சேரிக்கு பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல் எந்த ஊர்ல இருந்து கிளம்புச்சுன்னு கேட்டா நிறைய பேர் மார்சேய்னு சொல்றாங்க, சில பேர் பாரிஸ்னே சொல்றாங்க, பாரிஸ்ல கடலே இல்லங்க. கப்பல் கிளம்பினது பிரான்ஸோட மேற்கு ஓரத்துல இருக்கற பிரிட்டனியில இருந்து. அந்தக் கரையைப் பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு இங்க மொத்தமா பதில். வரிசையா படிக்கணும்னு இல்ல, வேணுங்கறதுக்குத் தாவிக்கலாம்.

கே: பிரிட்டனி, பிரிட்டன் ரெண்டும் ஒண்ணா?

இல்ல. பிரிட்டனி பிரான்ஸோட வடமேற்கு மூலையில அட்லாண்டிக்குக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கற தீபகற்பம். வடக்க இங்கிலீஷ் கால்வாய், தெக்க பிஸ்கே விரிகுடா. ஆனா சம்பந்தமே இல்லன்னும் சொல்ல முடியாது, 5, 6-ஆம் நூற்றாண்டுகள்ல பிரிட்டன் தீவுல இருந்து கடல் தாண்டி வந்து குடியேறினவங்க கொண்டு வந்த மொழிதான் இங்க பேசற பிரெத்தோன், அது வேல்ஸ் மொழிக்கு நெருங்கின சொந்தம், பிரெஞ்சுக்கு இல்ல. இப்ப பேசறவங்க ஒரு லட்சம் பேர் அளவுக்குக் குறைஞ்சாச்சு, அதுலயும் பெரும்பாலும் வயசானவங்க. 1532 வரைக்கும் இது தனி டியூக் ஆண்ட நாடு, அப்புறம்தான் பிரான்ஸோட முறைப்படி சேர்ந்துச்சு. இன்னைக்கு நாலு மாவட்டம்: ஃபினிஸ்தேர், கோத் தார்மோர், இல் எ விலேன், மோர்பியான்.

கே: மேப்ல பார்த்தா கரை ஏன் கிழிஞ்ச துணி ஓரம் மாதிரி இருக்கு?

பாறைதான் காரணம். இந்தத் தீபகற்பம் ரொம்பப் பழைய மலைத்தொடர், கோடிக்கணக்கான வருஷமா தேஞ்சு தேஞ்சு இப்ப உயரமான இடமே 400 மீட்டரைத் தொடல. கெட்டியான கிரானைட் இருந்த இடம் முனையா நின்னுடுச்சு, இளகின பாறை இருந்த இடத்தைக் கடல் தின்னுடுச்சு. அது போக, கடைசி பனி யுகம் முடிஞ்சு கடல் மட்டம் ஏறினப்ப ஆத்துப் பள்ளத்தாக்கெல்லாம் உப்புத் தண்ணியில முழுகிப் போச்சு, அதனால ஒரு சின்ன ஆறுகூட முகத்துவாரத்துல பெரிய துறைமுகம் மாதிரி அகலமா இருக்கும், கப்பல் பல கிலோமீட்டர் உள்ள வரைக்கும் வரலாம். பிரெஸ்ட், லோரியான் ரெண்டும் இப்படிக் கிடைச்ச இயற்கைத் துறைமுகம்தான். தீவுகளையும் சேர்த்து அளந்தா கரையோட நீளம் சுமார் 2,700 கிலோமீட்டர் வரும், மேப்ல நேர்கோடு போட்டுப் பார்க்கறவங்க நம்ப மாட்டாங்க.

கே: அங்க கடல் ஏறி இறங்கறதைப் பத்தி ரொம்ப பெருசா பேசறாங்களே, அப்படி என்ன?

பேசற அளவுக்கு இருக்கு. சென்னையிலயோ பாண்டியிலயோ கடல் ஏறுறதும் வத்துறதும் ஒரு மீட்டர் சுத்துலதான், கரையில நிக்கறவங்களுக்கு அது தெரியக்கூட தெரியாது. பிரிட்டனியோட வடக்குக் கரையில சென் மாலோ ஊர்ல அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வர்ற பெரிய ஓதத்துல, அதாவது கடல் ஏறி இறங்கறதுல, அந்த வித்தியாசம் 12, 13 மீட்டர், அதாவது நாலு மாடி உயரத் தண்ணி ஆறு மணி நேரத்துல வந்து அடுத்த ஆறு மணி நேரத்துல போயிடும். மார்ச், செப்டம்பர்ல வர்றது எல்லாத்தையும் விடப் பெருசு. அட்லாண்டிக்ல இருந்து வர்ற ஓத அலை இங்கிலீஷ் கால்வாய்க்குள்ள நுழையும்போது எதிர்ல கோதாந்தான் தீபகற்பம் குறுக்க நிக்குது, அடியும் ஆழம் குறைவு, தண்ணி போக வழியில்லாம அந்த மூலையிலயே குவியுது.

இதனால அந்த ஊர்க்காரங்க வாழ்க்கையே ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் நடக்கும். ஒவ்வொரு நாள் ஓதத்துக்கும் 20-ல இருந்து 120 வரைக்கும் ஒரு நம்பர் கொடுத்திருப்பாங்க, நம்பர் 100-ஐத் தாண்டுச்சுன்னா ஊரே வாளியும் மண்வெட்டியும் தூக்கிக்கிட்டு வத்தின கடல்ல சிப்பி, நண்டு பொறுக்கக் கிளம்பிடும். துறைமுகத்துல வத்து நேரத்துல போனா படகெல்லாம் சேத்துல சாஞ்சு கிடக்கும், பாக்கறதுக்கு ஏதோ கைவிட்ட இடம் மாதிரி இருக்கும், மதியம் திரும்பப் போனா எல்லாம் மிதக்கும். சென் மாலோ கடற்கரையில மதிலுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான ஓக் மரத் தூண் நட்டு வச்சிருக்காங்க, அலங்காரத்துக்கு இல்ல, அலையோட வேகத்தை உடைக்க.

கே: அந்த ஓதத்துல கரண்டு எடுக்கறாங்களாமே?

ஆமா, சென் மாலோ பக்கத்துல ரான்ஸ் ஆத்து முகத்துவாரத்துல. 750 மீட்டர் அணை, 24 டர்பைன், மொத்தம் 240 மெகாவாட். 1966 நவம்பர்ல ஜனாதிபதி தெ கோல் திறந்து வச்சார், இன்னைக்கும் ஓடுது. உலகத்துலயே முதல் பெரிய ஓத மின் நிலையம், 2011-ல தென் கொரியாவுல சிஹ்வா நிலையம் வர்ற வரைக்கும் இதுதான் பெருசும்கூட. அணை மேலயே ரோடு போகுது. குறையும் உண்டு, அணைக்குப் பின்னால வண்டல் சேர்ந்துக்கிட்டே இருக்கு, கட்டுற காலத்துல ஆத்தை அடைச்சதுல உள்ள இருந்த உயிரெல்லாம் செத்து திரும்ப வர ரொம்ப வருஷம் ஆச்சு. சுத்தமான மின்சாரம்னு போஸ்டர் அடிக்கறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

கே: மேற்கு முனையில இருக்கற தீவுகளுக்கு மாலுமிங்க ஏன் அவ்வளவு பயந்தாங்க?

ஃபினிஸ்தேர் நுனியில உவெசான், மொலேன், சேன்னு மூணு பேரு அடிக்கடி வரும். மாலுமிங்க நடுவுல ஒரு சொலவடை உண்டு: மொலேனைப் பார்த்தவன் தன் துன்பத்தைப் பார்த்தான், உவெசானைப் பார்த்தவன் தன் ரத்தத்தைப் பார்த்தான், சேனைப் பார்த்தவன் தன் முடிவையே பார்த்தான். ஸ்பெயின், ஆப்பிரிக்காப் பக்கம் இருந்து இங்கிலாந்துக்கோ ரோட்டர்டாமுக்கோ போற கப்பல் எல்லாம் இந்த மூலையைத் திரும்பித்தான் ஆகணும். அங்க தண்ணிக்கு ஒரு அடி கீழ பாறை, தீவுகளுக்கு நடுவுல ஆறு மாதிரி ஓடற நீரோட்டம், அது மேல மூடுபனி. 1896 ஜூன்ல கேப் டவுன்ல இருந்து வந்த டிரம்மண்ட் காசில்ங்கற பயணிக் கப்பல் மொலேன் பக்கத்துல பாறையில மோதி சில நிமிஷத்துல முழுகிடுச்சு, சுமார் 250 பேர்ல மூணே பேர் பிழைச்சாங்க. கரை ஒதுங்கின பிணங்களை மொலேன் ஜனங்க தங்கள் வீட்டுத் துணியில சுத்தி அடக்கம் பண்ணாங்க, அதுக்கு நன்றியா இங்கிலாந்து ராணி விக்டோரியா தரப்புல இருந்து அந்தத் தீவுக்கு சர்ச் கடிகாரமும் குடிதண்ணித் தொட்டியும் வந்துச்சு.

உவெசான் தீவோட ஒரு சடங்கைப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும். எட்டு கிலோமீட்டர் நீளத் தீவு, ஆம்பளைங்க எல்லாம் கடற்படையிலயும் சரக்குக் கப்பல்லயும், பொம்பளைங்க நிலத்தை உழுது வீட்டைப் பாத்துக்கிட்டாங்க. கடல்ல செத்த ஆள் உடம்பு பெரும்பாலும் வராது. அப்படி செய்தி வந்தா வீட்டு மேசையில வெள்ளைத் துணி விரிச்சு அது மேல மெழுகுல செஞ்ச ஒரு சின்னச் சிலுவையை வைப்பாங்க, அதுதான் உடம்பு. ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி, சொந்தக்காரங்க ராத்திரி பூரா முழிச்சிருந்து ஜெபம் பண்ணுவாங்க. காலையில பாதிரியார் வந்து அதை சர்ச்சுக்கு எடுத்துட்டுப் போய் முழு இறுதிச் சடங்கும் நடத்துவார், பிறகு அந்தச் சிலுவை கல்லறைத் தோட்டத்துல இருக்கற ஒரு சின்ன மண்டபத்துக்குப் போயிடும். இதுக்குப் பேரு ப்ரொயெல்லா. கடைசியா நடந்தது 1962-ல. இப்பவும் அந்த மண்டபத்தைப் போய்ப் பாக்கலாம்.

கே: கடல் நடுவுல இருக்கற கலங்கரை விளக்கத்தை எல்லாம் எப்படிக் கட்டினாங்க?

அர்மென் கதை ஒண்ணு போதும். சேன் தீவுக்கு மேற்கால பல கிலோமீட்டருக்குப் பாறைங்க வரிசையா போகும், அதோட கடைசிப் பாறை மேல கட்டினது. ஓதம் நல்லா வத்தினா மட்டும் கொஞ்சம் தலை காட்டுற பாறை அது. 1867-ல வேலை ஆரம்பிச்சாங்க, சேன் தீவு மீனவங்கதான் கூலி. இடுப்புல கார்க் பெல்ட் கட்டிக்கிட்டு பாறை மேல குப்புறப் படுத்து ஒரு கையால பாறையைப் பிடிச்சு இன்னொரு கையால ஓட்டை போடணும், அலை வருதுன்னு ஒருத்தன் கத்தினா அப்படியே ஒட்டிக்கிட்டுக் கிடக்கணும், அடிச்சுட்டுப் போனவனைப் படகு போய்ப் பொறுக்கிட்டு வரும். முதல் வருஷம் பூராவும் பாறையில ஏற முடிஞ்சது ஏழு தடவை, மொத்த வேலை நேரம் எட்டு மணி. எட்டு நாள் இல்லங்க, எட்டு மணி நேரம். விளக்கு எரிஞ்சது 1881-ல.

காவலர்கள் கடல் நடு விளக்கத்துக்கு நரகம்னும், தீவுல இருக்கறதுக்கு உத்தரிக்கிற ஸ்தலம்னும் (மோட்சம் போறதுக்கு முன்னாடி பாவம் கழிக்கற இடம்), நிலத்துல இருக்கறதுக்கு மோட்சம்னும் பேரு வச்சிருந்தாங்க, அர்மெனுக்கு நரகத்துலயும் நரகம்னு பேரு. 1990-ல இருந்து அங்க ஆளே இல்ல, எல்லாம் ஆட்டோமேட்டிக். லா ஜுமான் விளக்கத்தைச் சுத்தி ராட்சத அலை எழும்ப, ஒரு ஆள் வாசல்ல நிக்கற போட்டோவைப் பாத்திருப்பீங்க, போஸ்டரா உலகம் பூரா வித்தது, அது 1989 டிசம்பர்ல எடுத்தது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு என்னன்னு பாக்கக் கதவைத் திறந்திருக்கார் காவலர், அலை பின்பக்கமா வர்றது அவருக்குத் தெரியாது. உடனே உள்ள போய்க் கதவைச் சாத்திட்டார், பிழைச்சுட்டார்.

கே: லோரியானுக்கும் பாண்டிச்சேரிக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவோட வியாபாரம் பண்றதுக்குன்னே உருவாக்கின ஊர் லோரியான். 1664-ல பதினாலாம் லூயியோட மந்திரி கோல்பேர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிச்சார். கப்பல் கட்ட இடம் தேடினப்ப ரெண்டு ஆறு சேர்ற இடத்துல சும்மா கிடந்த புதர்க்காட்டை 1666-ல கம்பெனிக்குக் கொடுத்தாங்க. எதிர்க்கரையில போர் லூயிங்கற ஊரோட கோட்டை ஏற்கெனவே வாசலைக் காத்துக்கிட்டு இருந்துச்சு, வெளிய குருவா தீவு அலையைத் தடுக்குது, எதிரிக் கப்பல் சுலபமா உள்ள வர முடியாது. எட்டு வருஷம் கழிச்சு, 1674-ல பிரான்சுவா மார்த்தேன் பாண்டிச்சேரியில காலூன்றினார். அப்புறம் ரெண்டு ஊரும் ஒண்ணை நம்பி ஒண்ணு வளர்ந்துச்சு.

கப்பல் குளிர்காலத்துல கிளம்பும், டிசம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள. நன்னம்பிக்கை முனையைச் சுத்தி, மொரீஷியஸ்ல தங்கி, தென்மேற்குக் காத்தைப் பிடிச்சு சோழமண்டலக் கரைக்கு வரும். ஆறு மாசம்னா அதிர்ஷ்டம், எட்டு மாசமும் ஆகும். வரும்போது சரக்கு அதிகம் இருக்காது, வெள்ளி நாணயம்தான் பெட்டி பெட்டியா வரும், ஏன்னா பிரெஞ்சுச் சரக்கு இங்க யாருக்கும் பெருசா தேவைப்படல. திரும்பும்போது துணி, மிளகு, வெடியுப்பு. பாண்டியில அப்ப துறைமுகம் கிடையாது, கப்பல் தள்ளி நங்கூரம் போடும், மசுலா படகுலதான் அலையைத் தாண்டி சரக்கும் ஆளும் போகணும். 1730-கள்ல இருந்து சரக்கு ஏலமும் நான்த் ஊர்ல இருந்து லோரியானுக்கே வந்துடுச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை ஐரோப்பா வியாபாரிங்க எல்லாம் அங்க வந்து குவிவாங்க.

இதுல ஒரு கூத்து என்னன்னா, 1686-ல இருந்து 1759 வரைக்கும் அச்சடிச்ச இந்தியத் துணியை பிரான்ஸ்ல உடுத்தவே தடை. உள்ளூர் பட்டு, கம்பளி நெசவுக்காரங்க போட்ட சத்தத்துல வந்த சட்டம். கம்பெனி வேற நாட்டுக்கு விக்கலாம், உள்நாட்டுல விக்கக் கூடாது. அதனால என்ன ஆச்சுன்னு சொல்லணுமா, கடத்தல் பிச்சுக்கிட்டுப் போச்சு.

கே: மெட்ராஸைப் பிடிச்ச லபூர்தொனே இந்த ஊர்க்காரரா?

சென் மாலோக்காரர், 1699-ல பிறந்தவர், முழுப் பேரு பெர்த்ரான் பிரான்சுவா மாஹே த லபூர்தொனே. மொரீஷியஸ் கவர்னரா இருந்து அங்க துறைமுகத்தைக் கட்டினவர். 1746 ஜூலையில கப்பல் படையோட பாண்டிக்கு வந்தார், ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்புல அவர் வந்ததும் கவர்னர் டூப்ளேவும் இவரும் முறைச்சுக்கிட்டதும் நிறைய வருது. செப்டம்பர் 21-ல மெட்ராஸ் கோட்டை சரணடைஞ்சுது. பணம் வாங்கிக்கிட்டு ஊரை ஆங்கிலேயர்கிட்டயே திருப்பிக் கொடுக்கறேன்னு இவர் ஒப்பந்தம் பேசிட்டார், டூப்ளே ஒத்துக்கல. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போதே அக்டோபர்ல புயல் அடிச்சு கரைக்கு வெளிய நின்ன கப்பலை நொறுக்கிடுச்சு. ஐப்பசிப் புயல் எப்படி இருக்கும்னு மெட்ராஸ்காரங்களுக்குச் சொல்ல வேண்டியது இல்ல. ஊருக்குத் திரும்பினவரை 1748-ல பாஸ்தீல் சிறையில போட்டாங்க, மூணு வருஷம் கழிச்சு குத்தமில்லன்னு விட்டாங்க, 1753-ல செத்துட்டார். மெட்ராஸையும் சமாதான ஒப்பந்தத்துல திருப்பிக் கொடுத்தாச்சு.

அதே 1746-ல அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. மெட்ராஸ் விழுந்து பத்தே நாள்ல, அக்டோபர் 1-ல, ஆங்கிலப் படை லோரியான் பக்கத்துல கரையிறங்கி ஊரை முற்றுகை போட்டுச்சு, கம்பெனியோட கிடங்கையும் கப்பல் கட்டுற தளத்தையும் அழிச்சிடணும்னு. ரெண்டு பக்கமும் சொதப்பல். ஆங்கிலேயருக்கு மழை, சேறு, காய்ச்சல், பீரங்கி சரியா வேலை செய்யல, இது நடக்காதுன்னு கூடாரத்தைச் சுருட்டி ராத்திரியோட ராத்திரியா கப்பலுக்குத் திரும்பிட்டாங்க. ஊருக்குள்ள இருந்த பிரெஞ்சுத் தளபதிகளோ இனி தாங்காதுன்னு முடிவு பண்ணி சரணடைய ஆள் அனுப்பினாங்க, போய்ப் பார்த்தா எதிரில யாரும் இல்ல. ஊர் ஜனங்க மாதா காப்பாத்தினாங்கன்னு நம்பினாங்க. டிசம்பர்ல சீனாவுல இருந்து வந்துக்கிட்டு இருந்த கம்பெனிக் கப்பல் பிரின்ஸ் த கோந்தி, லோரியானுக்குக் கிட்ட வந்துட்டு பெல் ஈல் தீவுப் பாறையில உடைஞ்சுது. 1974-ல கண்டுபிடிச்சப்ப தேயிலை, பீங்கான், தங்கக் கட்டி எல்லாம் கிடைச்சுது, அதுல கொஞ்சத்தைத் திருட்டு முக்குளிப்பாளருங்க அடிச்சுக்கிட்டுப் போனாங்க.

கே: சுர்கூஃப் கடற்கொள்ளைக்காரனா, வீரனா?

சட்டப்படி கொள்ளைக்காரன் இல்ல. அரசாங்கத்துக்கிட்ட லைசென்ஸ் வாங்கி எதிரி நாட்டு வணிகக் கப்பலை மட்டும் பிடிக்கறவங்க சுர்கூஃப் மாதிரி ஆளுங்க, கொள்ளையில அரசாங்கத்துக்குப் பங்கு உண்டு, கணக்கு வழக்கு உண்டு. மாட்டினா தூக்குல போட மாட்டாங்க, போர்க் கைதியா வைப்பாங்க. சென் மாலோ இப்படிச் சம்பாதிச்ச ஊர். துகே துருவேன் 1711-ல ரியோ டி ஜெனிரோவையே பிடிச்சு பணம் கறந்தார். ராபர்ட் சுர்கூஃப் அதே ஊர்ல 1773-ல பிறந்தவர், 1800 அக்டோபர் 7-ல வங்காள விரிகுடாவுல தன்னோட சின்னக் கப்பல் கான்ஃபியான்ஸை வச்சுக்கிட்டு கென்ட்ங்கற பெரிய ஆங்கிலக் கம்பெனிக் கப்பல் மேல ஏறிப் பிடிச்சார், அதுல ஆளு இவர்கிட்ட இருந்ததை விட ரெண்டு மடங்கு. இதெல்லாம் சரி, ஆனா அதே சுர்கூஃப் அடிமை வியாபாரமும் பண்ணவர். ஊர் மதில் பக்கத்துல கைநீட்டிக்கிட்டு நிக்கற சிலையைப் பாக்கும்போது இதையும் சேர்த்து நினைச்சுக்கறது நியாயம்.

கே: அடிமை வியாபாரத்துல இந்தக் கரையோட பங்கு எவ்வளவு?

நிறைய. நான்த் ஊர் பிரான்ஸோட மொத்த அடிமைக் கப்பல் பயணத்துல 40 சதவீதத்துக்கும் மேல அனுப்பின துறைமுகம். லோரியானும் சென் மாலோவும் அந்தப் பட்டியல்ல உண்டு. நமக்கு நேரடியா வர்ற இடம் துணி. கினேன்னு பேரு வச்ச அவுரிநீலத் துணி பாண்டிச்சேரிப் பக்கத்துல நெய்து சாயம் போட்டு பிரான்ஸுக்குப் போயி, அங்க இருந்து செனகல் கரைக்குப் போகும், ஆள் வாங்கறதுக்கு அது காசு மாதிரி செல்லும். நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் அது எங்க போய் முடியுதுன்னு தெரிஞ்சிருக்க வழியில்ல. நான்த்ல 2012-ல ஆத்தங்கரையோரம் ஒரு நினைவிடம் திறந்தாங்க, தரையில கண்ணாடிப் பலகைகள்ல ஒவ்வொரு கப்பல் பேரும் தேதியும் இருக்கு. நடந்து போய்க்கிட்டே படிக்கணும், முடியவே முடியாது.

நிர்வாகத்துல நான்த் இப்ப பிரிட்டனியில இல்ல. 1941-ல, ஜெர்மனிக்கு அடங்கி நடந்த விஷி அரசாங்கம் பிரிச்சது, பிறகு வந்த மாகாணப் பிரிவுலயும் அப்படியே விட்டுட்டாங்க. திரும்பச் சேர்க்கணும்னு இன்னைக்கும் ஊர்வலம் போறாங்க.

கே: 1759 கிபெரோன் சண்டை ஏன் முக்கியம்?

இங்கிலாந்து மேல படையெடுக்க பிரெஸ்ட்ல இருந்து கிளம்பின பிரெஞ்சுக் கடற்படையை நவம்பர் 20-ல ஹாக்ங்கற ஆங்கில அட்மிரல் புயலோட புயலா கிபெரோன் விரிகுடாவுக்குள்ள துரத்திக்கிட்டு வந்து அடிச்சார். பாறையெல்லாம் நமக்குத் தெரியும், அவன் உள்ள வர மாட்டான்னு பிரெஞ்சுக்காரங்க நம்பினாங்க, அவர் பிரெஞ்சுக் கப்பல் பின்னாடியே அது போன வழியில வந்துட்டார். சில கப்பல் விலேன் ஆத்துக்குள்ள ஓடி ஒளிஞ்சு மாசக்கணக்குல வெளிய வர முடியாம கிடந்துச்சு. இதுக்கப்புறம் அந்த ஏழாண்டுப் போர்ல பிரெஞ்சுக் கடற்படை தலைதூக்கல. 1761 ஜனவரியில பாண்டிச்சேரி பட்டினி கிடந்து சரணடைஞ்சப்ப உதவிக்கு ஒரு கப்பல்கூட வராததுக்கு இதுவும் ஒரு காரணம்.

கே: மீன்பிடி எப்படி?

பிரான்ஸ் கரைக்கு வர்ற மீன்ல கிட்டத்தட்ட பாதி இங்கதான் இறங்குது, ஆனா பழைய கதை வேற மாதிரி. பெம்போல் ஊர்ல இருந்து 1852-ல இருந்து 1935 வரைக்கும் ஐஸ்லாந்துக்கு காட் மீன் பிடிக்கப் போனாங்க, பிப்ரவரியில கிளம்பினா ஆறு மாசம். அந்த வருஷங்கள்ல சுமார் 2,000 பேர் திரும்பல. பக்கத்து ஊர் ப்ளூபாஸ்லானெக் கல்லறைத் தோட்டச் சுவர்ல பலகை பலகையா கப்பல் பேரும் ஆள் பேரும்.

மேற்கு, தெக்குக் கரையில மத்தி மீன், அதாவது சார்டின். துவார்நெனே ஊர்ல ஆம்பளைங்க பிடிப்பாங்க, பொம்பளைங்க ஃபேக்டரியில தலையைக் கிள்ளி, எண்ணெயில பொரிச்சு, டின்ல அடுக்குவாங்க. மீன் வந்தா வேலை, ராத்திரி பகல் கிடையாது, தூக்கம் வராம இருக்கப் பாடிக்கிட்டே வேலை செய்வாங்க. ஒரு மணி நேரத்துக்கு 80 சான்டீம்தான் கூலி, ஒரு ஃபிராங்க்கூட இல்ல. 1924 நவம்பர்ல ஸ்ட்ரைக்கில இறங்கினாங்க, 1.25 ஃபிராங்க் கேட்டு. முதலாளிங்க வெளியூர்ல இருந்து ஆளைக் கொண்டு வந்தாங்க, புத்தாண்டு அன்னைக்கு அந்த ஆளுங்க கம்யூனிஸ்ட் மேயர் தானியல் லெ ஃப்ளான்ஷெக்கைச் சுட்டாங்க, கழுத்துல குண்டு பட்டும் பிழைச்சார். ஊரே கொதிச்சதுல ஜனவரி 6-ல ஒரு ஃபிராங்குக்கு இறங்கி வந்தாங்க. அந்த வருஷமே ஜோசஃபின் பாங்காலேங்கற தொழிலாளி நகரசபைக்கு ஜெயிச்சாங்க, பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத நாட்டுல. கோர்ட்டு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. சுர்கூஃபுக்குச் சிலை வைக்கறதை விட இந்தம்மாவுக்குத்தான் ஊர் ஊரா வைக்கணும்னு நான் நினைக்கறேன்.

கே: கடல்பாசியும் அறுவடை பண்றாங்களா?

ஆமா. லானில்தூட் ஊர் ஐரோப்பாவுலயே பெரிய பாசித் துறைமுகம். படகுல ஒரு இரும்புக் கொக்கி தொங்கும், அதைத் தண்ணிக்குள்ள விட்டு முறுக்கினா நீளப் பாசியெல்லாம் நூடுல்ஸ் சுத்துற மாதிரி சுத்திக்கிட்டு வரும். முன்னாடி கரையில கல் அடுப்புல எரிச்சு அயோடின் எடுத்தாங்க, இப்ப ஐஸ்கிரீமையும் டூத்பேஸ்ட்டையும் கெட்டிப்படுத்தற பொருளுக்குப் போகுது.

கே: அங்க வெண்ணெய் ஏன் உப்புக் கரிக்குது?

பழைய பிரான்ஸ்ல உப்புக்கு பயங்கர வரி, பிரிட்டனி மாதிரி சில மாகாணங்களுக்கு மட்டும் விலக்கு. உப்பு மலிவு, அதனால வெண்ணெயில தாராளமா போட்டாங்க. தெக்க கெராந்த் உப்பளங்கள்ல இன்னைக்கும் கையாலதான் பாத்தியில உப்பு வாருறாங்க. எல்லை தாண்டி உப்புக் கடத்தறது பெரிய தொழிலா இருந்துச்சு.

கே: ரெண்டாம் உலகப் போர்ல என்ன ஆச்சு?

ஜெர்மன்காரங்க லோரியான்ல நீர்மூழ்கிக்கு கான்கிரீட் கொட்டகை கட்டினாங்க. 1943 ஜனவரி, பிப்ரவரியில நேச நாடுகள் குண்டு போட்டுக் கொட்டினதுல ஊர் அழிஞ்சுது, கொட்டகை அப்படியே நின்னுச்சு, இன்னும் நிக்குது. கம்பெனி காலத்து லோரியான்ல மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான். பிரெஸ்ட்டும் 1944-ல தரைமட்டம். சென் மாலோ பழைய ஊர் மாதிரி தெரியும், ஆனா மதிலுக்குள்ள பெரும்பகுதி எரிஞ்சு போயி திரும்பக் கல்லு கல்லாக் கட்டினது.

சேன் தீவைச் சொல்லியாகணும். 1940 ஜூன்ல பிரான்ஸ் விழுந்ததும் லண்டன்ல இருந்து தெ கோல் பேசினதை ரேடியோவுல கேட்டுட்டு 120-க்கும் மேல ஆம்பளைங்க மீன்பிடிப் படகுல ஏறி இங்கிலாந்துக்குப் போயிட்டாங்க. தீவு ரெண்டு கிலோமீட்டர்தான், வீட்டுக்கு ஒரு ஆள்னு சொல்லலாம். பிரான்ஸ் விடுதலை விருது வாங்கின அஞ்சே ஊர்ல பாரிஸோட இந்தக் குட்டித் தீவும் ஒண்ணு.

கே: அமோகோ காடிஸ்னா என்ன?

1978 மார்ச் 16-ல சுக்கான் உடைஞ்சு போயி போர்சால் ஊருக்கு எதிர்ல பாறையில ஏறின எண்ணெய்க் கப்பல். இழுவைக் கப்பல் வந்தும் கயிறு அறுந்துச்சு, பேரம் பேசினதுல நேரம் போச்சுன்னும் குத்தச்சாட்டு உண்டு. 2,20,000 டன்னுக்கு மேல கச்சா எண்ணெய் கடல்ல, 300 கிலோமீட்டருக்கும் மேல கரை கறுத்துப் போச்சு. ராணுவமும் ஊர் ஜனங்களும் வாளியிலயும் மண்வெட்டியிலயும் அள்ளினாங்க, விவசாயிங்க வயலுக்கு எரு அடிக்கற டேங்கரைக் கொண்டு வந்து உறிஞ்சினாங்க. சின்னச் சின்ன ஊராட்சிங்க எல்லாம் ஒண்ணு சேர்ந்து அமெரிக்கக் கம்பெனி மேல சிகாகோ கோர்ட்டுலயே கேஸ் போட்டு, 14 வருஷம் விடாம நடத்தி 1992-ல நஷ்ட ஈடு வாங்கினாங்க. கேட்டதை விடக் குறைவுதான். கப்பல் போற பாதையைக் கரையில இருந்து தள்ளி வச்சது, பிரெஸ்ட்ல எப்பவும் ஒரு பெரிய மீட்பு இழுவைக் கப்பல் தயாரா நிக்கறது, இதெல்லாம் இதுக்கப்புறம் வந்த மாற்றம். கப்பலோட நங்கூரம் போர்சால்ல கரையில வச்சிருக்காங்க.

கே: கடல்ல குளிக்கலாமா?

குளிக்கலாம், ஆனா ஆகஸ்ட்லயே 17, 18 டிகிரிதான். சில விரிகுடாவுல, முக்கியமா சென் பிரியே பக்கம், பச்சைப் பாசி மலை மாதிரி ஒதுங்கும். பன்றிப் பண்ணை எருவும் உரமும் ஆறு வழியா கடலுக்குப் போறதால வர்றது. அழுகினா விஷ வாயு வரும், 2009-ல ஒரு குதிரை அதுல செத்துச்சு. போர்டு வச்சிருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க.

கே: போறதுன்னா எங்க போகலாம்?

பாரிஸ்ல இருந்து டிஜிவி ரயில்ல சென் மாலோ ரெண்டரை மணி நேரத்துக்குள்ள, பிரெஸ்ட் சுமார் மூணரை மணி நேரம். உவெசானுக்கு லெ கோங்கே ஊர்ல இருந்து கப்பல், ஒரு மணி நேரம் சொச்சம், காத்து அடிச்சா வாந்தி நிச்சயம், வெறும் வயித்துல ஏறாதீங்க. நடக்கப் பிடிச்சவங்களுக்குக் கரையோரமா 2,000 கிலோமீட்டருக்கு மேல ஒரு பாதை இருக்கு, கடத்தல்காரங்களைப் பிடிக்க சுங்கக் காவலர் ரோந்து போன வழி அது. பாண்டிச்சேரி ஆர்வம் இருக்கறவங்க முதல்ல போர் லூயி கோட்டைக்குள்ள இருக்கற கம்பெனி மியூசியத்துக்குப் போங்க, கப்பல் மாதிரிகளும் சோழமண்டலத் துணியும் இருக்கு, லோரியான்ல இருந்து சின்ன படகு சர்வீஸ்லயே போயிடலாம்.

சென் மாலோ போனா எதிர்ல கிரான் பே தீவுக்கு வத்து நேரத்துல நடந்தே போகலாம். போறதுக்கு முன்னாடி ஓத அட்டவணையைப் பாருங்க, வழி மூடற நேரத்துக்கு நல்லா முன்னாடியே திரும்பிடுங்க. மாட்டிக்கிட்டா தண்ணியில இறங்கி நடக்க முயற்சி பண்ணாதீங்க, தீவு மேலயே உக்காந்து அடுத்த வத்து வரைக்கும் காத்திருங்க, ஆறு மணி நேரம் போரடிக்கும், அவ்வளவுதான்.